1969 போன்டியாக் ஜிடிஓ: நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறுகிறது, எங்கே தேடுவது?

கதிர்_ஜிடிஓ | பீனிக்ஸ், அரிசோனா

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1969 போன்டியாக் ஜிடிஓ இருக்கிறது. 400 கன அங்குல இன்ஜின், டர்போ 400 ஆட்டோமேட்டிக், 3.23 ரியர் ஆக்சில் (பின் அச்சின் கியர் விகிதம்), தொழிற்சாலையிலேயே போட்ட ஏசி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்திருக்கிறார். சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வண்டி அதிகம் ஓடவில்லை.

ஊருக்குள் ஓட்டினால் 200, 205 டிகிரி காட்டும் (நான் சொல்வதெல்லாம் பாரன்ஹீட்). நீளமான சிக்னலில் 215 வரை ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போனால்தான் சிக்கல். கால் மணி நேரத்துக்குள் 225ஐத் தாண்டுகிறது. ஐ-17 சாலையில் வடக்கே பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டி சன்செட் பாயின்ட் வரை ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அங்கே 240 வந்தது. ஏசியை அணைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

இரண்டு வரிசை அலுமினிய ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் கிளட்ச், 180 டிகிரி தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீர்ப்பாதையைத் திறக்கும் வால்வு), 15 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி எல்லாமே புதிதாகப் போட்டாயிற்று. எதை மாற்றினாலும் முள் அதே இடத்துக்குத்தான் போகிறது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில் ஃபிளாக்ஸ்டாஃப் போக வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. 7,000 அடி உயரத்துக்கு இதை நம்பி எப்படிக் கிளம்புவது? அடுத்து எதைப் பார்க்கலாம், சொல்லுங்கள்.

முத்து_டல்லாஸ் | டெக்சாஸ்

கதிர், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இங்கே வெயில் காலத்தில் பழைய வண்டிக்காரர்கள் பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பழைய ஃபேனைத் தூக்கிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடுங்கள். லிங்கன் மார்க் 8 காரின் ஃபேன் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், காற்றை நன்றாக இழுக்கும்.

மீனா_ட்ராய் | மிஷிகன்

முத்து அண்ணா, உங்கள் செவெல் வண்டியை நான் படத்தில் பார்த்திருக்கிறேன், அருமையாக வைத்திருக்கிறீர்கள். ஆனால் இந்த இரண்டு யோசனையும் கதிருக்கு உதவாது என்றுதான் நினைக்கிறேன். கார்களின் கூலிங் சோதனைதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வண்டி எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை. அப்போது ஃபேன், கிளட்ச், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) பக்கம் தேட வேண்டும். கதிருக்கு நேர்மாறாக நடக்கிறது. 40 மைலுக்கு மேல் போனால் வண்டியின் வேகமே ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளிவிடும், ஃபேனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆகவே எலக்ட்ரிக் ஃபேன் போட்டாலும் இந்த 225 இறங்காது. அதோடு, அப்படிப்பட்ட பெரிய ஃபேன் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் அதைத் தாங்காது, அதையும் மாற்ற வேண்டிவரும்.

தெர்மோஸ்டாட்டில் எழுதியிருக்கும் 180 என்பது அது திறக்கத் தொடங்கும் சூடு. 200 வருவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் சூடு எங்கே போய் நிற்கும் என்பதில் அதற்குப் பங்கே இல்லை. 240க்குப் போகிற இன்ஜினில் 160 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் அது 240க்குத்தான் போகும், சற்றுத் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். அடியோடு கழற்றினால் கெடுதலும் உண்டு. தெர்மோஸ்டாட் தருகிற சிறு தடையால்தான் பம்ப் தள்ளும் நீர் பிளாக்குக்குள் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி ஆவிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். குமிழி இருக்கும் இடத்தில் இரும்பின் சூடு நீருக்கு இறங்காது. முள் குறைவாகக் காட்டும், சிலிண்டர் ஹெட் உள்ளே வேகும்.

பயத்தையும் சற்று அளந்து பார்ப்போம். கூலண்டும் நீரும் பாதிப் பாதி கலந்து, 15 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால், அது கொதிக்க ஏறக்குறைய 265 டிகிரி ஆக வேண்டும். மேட்டுக்குப் போகப் போக இது சில டிகிரி குறையும். எனவே 215 ஒரு நோயே இல்லை. 225ம் உடனே ஆபத்து இல்லை. ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதே, அதுதான் நோய். இன்ஜின் உண்டாக்கும் சூட்டை வெளியே கொண்டுபோக முடியவில்லை, அல்லது உண்டாகும் சூடே அளவுக்கு மீறி இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடித்த பிறகு பணத்தை எடுங்கள்.

முத்து_டல்லாஸ்

மீனா, நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது, அதற்குத்தான் தெர்மோஸ்டாட் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் சொல்வார். நாற்பது வருடம் இதே தொழிலில் இருந்தவர். அவர் சொன்னதும் தவறா?

மீனா_ட்ராய்

அவர் கண்ணால் பார்த்தது சரியாகத்தான் இருக்கும் அண்ணா. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டியபோது வண்டி சூடேறியிருக்கும். காரணம் நான் சொன்ன அந்த அழுத்தம். வேகத்தின் மேல் பழி போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. நீர் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது. ரேடியேட்டரில் குறைந்த நேரம் இருக்கும் நீர் இன்ஜினுக்குள்ளும் குறைந்த நேரம்தான் இருக்கும், திரும்பவும் சீக்கிரம் வந்துவிடும். ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் முழுவதும், கடைசிக் குழாய் வரை, சூடாகவே இருக்கும். உலோகத்துக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் பெரிதாக இருந்தால்தானே சூடு இறங்கும்? மெதுவாக ஓடினால் ரேடியேட்டரின் கடைசிப் பாதி ஏற்கெனவே ஆறிய நீரோடு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. கதிர், ரேடியேட்டரின் மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் உலோக முனைகளுக்குப் பக்கத்தில் வெப்பம் அளக்கும் இரண்டு தெர்மோகப்பிள் கம்பிகளைக் கட்டி, மீட்டரை உள்ளே வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், எண்களை வேறொருவர் எழுதட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10, 15 டிகிரிதான், ஆனாலும் வண்டி சூடாகிறது என்றால் ரேடியேட்டர் சூட்டை இறக்கவில்லை. வித்தியாசம் 40, 50 என்று வந்தால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது, அதற்குள் போதுமான நீர்தான் வரவில்லை. வெப்பம் காட்டும் துப்பாக்கியைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பிடித்தால் குறைத்துக் காட்டும். அதில் பார்ப்பதானால் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பாருங்கள்.

ரூபன்_383 | டொராண்டோ

நான் பிளிமத் ரோட் ரன்னர்காரன், போன்டியாக் என் பக்கம் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம். நீர் ஓட்டத்தைத் தேட முதல் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, ஒருக்கா பாருங்கோ கதிர். பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கான வேலையாகிறது. இன்னொரு பங்கு எக்ஸாஸ்டில் போகும், மிச்சம் கூலண்டுக்கு வரும். ஸ்பார்க் பிந்தினால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நெருப்பு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் போகும்போது ஹெட்டையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் சுடும்.

மெல்லிய பாரத்தில் ஓடும்போது கலவை மெதுவாகத்தான் எரியும். அப்போது மொத்த அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்தும் அளவு) 45, 50 டிகிரி வரை வேண்டும். அதில் 10, 15 டிகிரி வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் ஸ்பார்க்கை முந்தவைக்கும் அமைப்பு) தருவது. அந்தச் சின்ன டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ ஹோஸ் கழன்று கிடந்தாலோ வண்டி ஓடும், ஆனால் நெடுஞ்சாலையில் சூடேறும். உங்கள் குறிப்போடு அப்படியே பொருந்துகிறது.

டைமிங் லைட் காட்டும் கோட்டையும் அப்படியே நம்பவேண்டாம். 50 வருடத்துக்கு மேலான பேலன்ஸரில் (இன்ஜின் தண்டின் முன்முனையில் டைமிங் கோடு போட்ட சக்கரம்) உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவிலுள்ள ரப்பர் காய்ந்துவிடும், வெளி வளையம் நகர்ந்துவிடும். கோடும் அதோடு நகரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, இன்ஜினைக் கையால் ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றி அடையாளம் போடுங்கோ. பிறகு மற்றப் பக்கம் சுற்றி இன்னொன்று. இரண்டுக்கும் நடுதான் பிஸ்டன் உச்சிக்கு வரும் உண்மையான இடம். பழைய கோடு அங்கே இல்லையென்றால் இதுவரை நீங்கள் வைத்த டைமிங் எல்லாம் பிழை.

பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருப்பதால் கார்புரேட்டர் கலவையும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். பிளக் வெள்ளை வெளேரென்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கோ.

அரவிந்த்_396 | சான் ஹோசே

இழையில் குறுக்கே வருகிறேன். என் 1970 செவெல் எஸ்எஸ் நேர்மாறு. ஓடினால் 190, டிராபிக்கில் நின்றால் 230. ஃபேன் கிளட்ச் புதிது. என்ன செய்யலாம்?

மீனா_ட்ராய்

அரவிந்த், ஃபேன் இறக்கை ஷ்ரவுடுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். முழுதாக உள்ளே போனாலும் முழுதாக வெளியே நின்றாலும் காற்று அங்கேயே சுழலும். அப்புறம் ரேடியேட்டர் சட்டத்துக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருந்திருக்கும். பெயின்ட் வேலை நடந்த வண்டிகள் பலவற்றில் அதைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் அறையின் சூடான காற்று மேலே ஏறி, முன்பக்கம் வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகும். நிற்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். இவற்றைப் பார்த்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

சுந்தரம்_போன்டியாக் | ஒஹாயோ

கதிர் தம்பி, நீங்கள் பம்ப் புதிதாகப் போட்டேன் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் வந்தது. செவர்லே, மோப்பார் (கிரைஸ்லர் குழும வண்டி) ஆட்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இது போன்டியாக்குக்கே உரிய அமைப்பு.

மற்ற வி8களில் பம்ப் தனி வீட்டோடு வந்து பிளாக்கில் உட்காரும். போன்டியாக்கில் பம்பின் பின்பாதி இன்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவரிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. பம்பையும் கவரையும் பிரித்து நடுவில் ஒரு தகடு நிற்கும். டிவைடர் பிளேட் என்போம். ரேடியேட்டரிலிருந்து வரும் ஆறிய நீரையும் பிளாக்குக்குள் தள்ளப்படும் நீரையும் அதுதான் பிரிக்கிறது. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கை அந்தத் தகட்டை உரசாமல், ஆனால் ஒட்டிச் சுழல வேண்டும். 1/16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. இடைவெளி கூடினால் இறக்கை தள்ளிய நீர் பிளாக்குக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாக வழுக்கி, வந்த இடத்துக்கே திரும்பும். பம்ப் சுற்றும், சத்தம் இருக்காது, ஒழுகாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் நீர் அசைவதும் தெரியும். எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும்.

இதன் விளைவு நெடுஞ்சாலையில்தான் வெளிப்படும். இன்ஜின் சும்மா நிற்கும்போது உண்டாகும் சூடு கொஞ்சம், குறைந்த ஓட்டமே அதற்குப் போதும். உங்கள் 3.23 ஆக்சிலில் 65 மைலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,700 சுற்று வரும். அந்தப் பாரத்தில் சூடு பல மடங்கு, நீரோ அதற்கு ஏற்ப வருவதில்லை.

புது பம்பில் ஏன் இந்த இடைவெளி என்று கேட்பீர்கள். போன்டியாக் என்ற கம்பெனியே 2010இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது கிடைப்பவை வேறு பலர் செய்பவை. இம்பெல்லரைத் தண்டில் எவ்வளவு ஆழத்துக்கு அழுத்துகிறார்கள் என்பது செய்கிறவரைப் பொறுத்து மாறும். சிலவற்றில் வார்ப்பு இம்பெல்லர், சிலவற்றில் வளைத்த தகட்டு இறக்கை. பழைய தகடும் துருப்பிடித்து மெலிந்திருக்கும். இதில் இன்னொன்று, 1968 வரை 8 போல்ட் பம்ப், 1969 முதல் 11 போல்ட். உங்களுடையது 11. கவரும் தகடும் பம்பும் அதே வகையைச் சேர்ந்தவைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர்கள் வேறு வருடத்துச் சாமானைக் கலந்திருக்கலாம்.

பிரிக்கும்போது டைமிங் கவரில் இருக்கும் இரண்டு ஸ்லீவ்களையும் (நீர்ப்பாதையில் செருகிய சிறு குழாய்கள்) பாருங்கள். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலோ, யாராவது போடாமல் விட்டிருந்தாலோ, தகட்டைச் சரிசெய்தும் பயன் இல்லை.

கதிர்_ஜிடிஓ

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ரூபன் அண்ணா சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன், ஏனென்றால் அதற்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

பிஸ்டன் ஸ்டாப் வைத்துப் பார்த்ததில் பேலன்ஸரின் கோடு 6 டிகிரி நகர்ந்திருக்கிறது. 9 டிகிரி என்று நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் 3. வேக்குவம் டயஃப்ரம் நன்றாகவே இருக்கிறது, கையால் பம்ப் செய்தால் பிடித்து நிற்கிறது. அதன் ஹோஸ் கார்புரேட்டரின் போர்ட்டட் முனையில் (இன்ஜின் சும்மா நிற்கும்போது வேக்குவம் வராத முனை) இருந்தது. கோட்டைப் புதிதாக வரைந்து டைமிங்கைத் திருத்தினேன். தெர்மோஸ்டாட் வீட்டில் துப்பாக்கி வைத்துப் பார்த்தேன். முள் 215 காட்டும்போது அங்கே 212. ஆக முள் பொய் சொல்லவில்லை.

மீனா அக்கா சொன்னபடி தெர்மோகப்பிள் கட்டி, டைமிங் திருத்துவதற்கு முன்னும் பின்னும் அதே சாலையில், மாலையில், 65 மைலில் ஓட்டினேன். வெளியே 100 டிகிரியை ஒட்டி இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதினாள்.

திருத்துவதற்கு முன்: மேல் ஹோஸ் 231, கீழ் ஹோஸ் 178.
திருத்திய பின்: மேல் 224, கீழ் 175.

சிக்னலில் நிற்கும்போது இப்போது 205ஐத் தாண்டுவதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் வித்தியாசம் 49 டிகிரி. கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு அமுங்குகிறதா என்றும் பானெட்டைத் திறந்து 3,000 சுற்றில் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அமுங்கவில்லை. ஹெட் கேஸ்கெட் கசிவுக்கு அந்த நீல மருந்துச் சோதனையும் செய்தேன், நிறம் மாறவில்லை.

மீனா_ட்ராய்

49 என்பது தெளிவான பதில். ரேடியேட்டர் தன்னிடம் வரும் நீரை நன்றாகவே ஆற்றுகிறது. வரும் அளவுதான் போதவில்லை. சுந்தரம் அண்ணா காட்டிய இடத்தைத் திறந்து பாருங்கள். இத்தனை ஒழுங்காக எண் எடுத்துக் கொடுத்ததற்கு உங்கள் மகளுக்கு என் பாராட்டு.

முத்து_டல்லாஸ்

எண்களைப் பார்த்த பிறகு ஓட்டம்தான் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு கேள்வி ரூபனுக்கு. போர்ட்டட் முனையை மாற்றி நேராக மேனிஃபோல்ட் வேக்குவத்தில் (சும்மா நிற்கும்போதும் வேக்குவம் வரும் முனை) வைக்கச் சொல்வீர்களா? என் செவெலில் அப்படி வைத்தபோது ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) இன்ஜின் தடுமாறியது.

ரூபன்_383

வைக்கலாம் அண்ணை. ஓடும்போது இரண்டும் ஒன்றுதான், நிற்கும்போதுதான் வித்தியாசம். புகைக் கட்டுப்பாடு வந்த காலத்தில் ஐடிலில் ஸ்பார்க்கைப் பிந்தவைத்து எக்ஸாஸ்டைச் சூடாக்கினார்கள். எரியாத பெட்ரோல் அந்தச் சூட்டில் எரிந்துபோகும். அதற்குப் போர்ட்டட் உதவியது. இன்ஜின் மிதமிஞ்சிச் சூடானால் தானாகவே மேனிஃபோல்ட் வேக்குவத்துக்கு மாற்றிவிடும் வால்வைக்கூட ஜிஎம் சில வண்டிகளில் போட்டிருந்தது. அப்படிச் செய்தால் சூடு தணியும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

உங்கள் வண்டி தடுமாறியது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பெரிதாக இருப்பதால் இருக்கும். ஐடிலில் வேக்குவம் குறைவு, டயஃப்ரம் பாதியில் நின்று ஆடியிருக்கும். ஐடில் வேக்குவத்தைவிட இரண்டு அங்குலம் குறைவிலேயே முழுதாக இழுத்துக்கொள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் கேனிஸ்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கோ, நின்றுவிடும்.

கதிருக்கு ஒரு எச்சரிக்கை. 1969 ஜிடிஓவுக்கு போன்டியாக் எழுதிய கம்ப்ரஷன் விகிதம் 10.75. அரிசோனா பம்பில் கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன்தான், இந்தக் கம்ப்ரஷனுக்கு அது குறைவு. டைமிங்கைக் கூட்டிக்கொண்டே போகவேண்டாம். ஏற்றத்தில் கிண்கிண் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே இரண்டு டிகிரி குறையுங்கோ. தட்டுவதும் சூட்டைக் கூட்டும், பிஸ்டனையும் உடைக்கும்.

சுந்தரம்_போன்டியாக்

தம்பி, பிரிக்கும்போது செய்யவேண்டியது. முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். ரேடியேட்டரை வடித்த பிறகு பிளாக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகால் பிளக்குகளையும் கழற்றுங்கள். நீர் வராவிட்டால் காலி என்று நினைக்காமல் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். துருச் சேறு அடைத்திருக்கும். அது பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் அதிகம் படியும்.

பம்பைக் கழற்றியதும் இம்பெல்லர் இறக்கைகளின் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக வைத்து, கேஸ்கெட்டோடும் தகட்டோடும் சேர்த்துப் பொருத்தி, போல்ட்டுகளைக் கையால் இறுக்கி, திரும்பக் கழற்றுங்கள். களிமண்ணின் தடிப்பை அளந்தால் அதுதான் இடைவெளி. கேஸ்கெட் இல்லாமல் அளந்தால் கணக்கு தவறும். தகட்டை இம்பெல்லர் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளைக்கலாம். துருவேறியிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள்.

கதிர்_ஜிடிஓ

திறந்து பார்த்தாயிற்று. சுந்தரம் அண்ணா, நீங்கள் ஒஹாயோவில் உட்கார்ந்துகொண்டு என் பம்புக்குள் பார்த்திருக்கிறீர்கள்.

களிமண்ணின் தடிப்பு கிட்டத்தட்ட 3/16 அங்குலம். அனுமதிக்கும் அளவைப் போல மூன்று மடங்கு. தகடு பழையது, ஓரங்களில் துரு தின்றிருக்கிறது, ஒரு மூலையில் வெளிச்சமே தெரிகிறது. ஸ்லீவ் இரண்டும் இருக்கின்றன, நல்ல நிலையில். பம்பும் கவரும் 11 போல்ட் வகைதான். இடது பக்க வடிகாலில் முதலில் எதுவும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு செம்மண் குழம்பாகக் கொட்டியது. சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டுச் சூடாக்கி, தெளிவாக வரும்வரை கழுவினேன்.

ஸ்டெயின்லெஸ் தகடு வாங்கினேன். அது நேராக இருப்பதால் அதையும் தட்ட வேண்டியிருந்தது. மரக்கட்டையில் வைத்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, ஒவ்வொரு தடவையும் களிமண் வைத்து அளந்தேன். பொறுமை வேண்டும், ஒரேயடியாக அடித்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். 1/32க்கும் 1/16க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். பூட்டிய பிறகு பம்ப் புல்லியைக் கையால் சுற்றினேன், எங்கும் உரசவில்லை.

அதே சாலை, அதே 65 மைல், வெளியேயும் ஏறக்குறைய அதே வெப்பம்:

மேல் ஹோஸ் 200, கீழ் ஹோஸ் 181.

வித்தியாசம் 49லிருந்து 19 ஆகியிருக்கிறது. ரேடியேட்டர் அதேதான், ஃபேன் அதேதான், தெர்மோஸ்டாட் அதேதான். மறுநாள் ஏசியைப் போட்டுக்கொண்டே சன்செட் பாயின்ட் ஏற்றத்தில் ஏறினேன். 212 வரை போய் அங்கேயே நின்றது. மேலே போய்ச் சேர்ந்து சமதளம் வந்ததும் 200க்குத் திரும்பிவிட்டது. தட்டும் சத்தம் இல்லை.

சூடேறும் போன்டியாக் வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், தயவுசெய்து ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்னால் இரண்டு ஹோஸ்களின் வெப்பத்தையும் ஓடும்போது அளந்துவிடுங்கள். தெர்மோகப்பிள் மீட்டரின் விலை ரேடியேட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஒரு கேள்வி மிச்சம். கூலண்ட் கலவை எவ்வளவு வைக்கலாம்? பீனிக்ஸில் உறைபனிக் கவலை பெரிதாக இல்லை.

மீனா_ட்ராய்

இந்த எண்களைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது கதிர்.

சூட்டைச் சுமப்பதில் வெறும் நீரைக் கூலண்ட் வெல்லாது. கூலண்ட் கூடக் கூட அந்தத் திறன் குறையும். ஆனால் வெறும் நீர் துருவைக் கொண்டுவரும், கொதிநிலையும் குறையும். இரும்பு பிளாக், அலுமினிய டைமிங் கவர், அலுமினிய ரேடியேட்டர் மூன்றும் ஒரே நீரில் இருப்பதால் அரிப்புத் தடுப்பு கட்டாயம் வேண்டும். நீங்கள் பீனிக்ஸிலேயே ஓட்டினால் 30 சதவீதக் கூலண்ட், 70 சதவீதம் வடிகட்டிய நீர் போதும் என்பேன். ஆனால் ஃபிளாக்ஸ்டாஃபுக்குக் குளிர் காலத்திலும் போவதானால் பாதிப் பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவில் கடுமையாக உறையும், பிளாக் வெடித்தால் இவ்வளவு உழைப்பும் வீண். உங்கள் இன்ஜினில் இப்போது இடம் இருக்கிறது, பாதிப் பாதியிலேயே நிம்மதியாக ஓடும். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், அரிசோனா தண்ணீரில் உப்பு அதிகம்.

சுந்தரம்_போன்டியாக்

நல்ல வேலை தம்பி. இன்னும் ஒன்று பாக்கி. இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்க நீர்ப்பாதை டைமிங் கவரோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையமும், அதை இழுத்துப் பிடிக்கும் நீளமான போல்ட்டும் உண்டு. கவர் பக்கம் வேலை பார்த்த பிறகு சில தடவை இன்ஜின் சூடாகி ஆறியதும் அங்கே கசியத் தொடங்கும். ஃபிளாக்ஸ்டாஃப் கிளம்புவதற்கு முன்னால், இன்ஜின் ஆறியிருக்கும்போது, அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்டேக் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, முதலில் அந்த நீள போல்ட்டை இறுக்கி, பிறகு இன்டேக்கை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் வளையம் உட்காராது.